வெள்ளி உரியும் கதை

ஒளிக்கு உந்தம் உண்டு என்று பௌதிகவியல் மாஸ்ரர் சொன்னபோது கடைசி வாங்கு முழுக்கச் சிரித்தது. "அப்ப ரோச் அடிச்சா ஆள் விழுமோ சேர்?" என்று கேட்டது யாரென்று எங்கள் உயர்தர வகுப்பாருக்கு நினைவிருக்கும். மாஸ்ரர் கோபிக்கவில்லை. "ஆள் விழாது, வெள்ளி உரியும்" என்றார். வெள்ளி என்று அவர் சொன்னது வானத்து விண்மீனை.

90களின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம்போத்தல் விளக்கில் படிப்பு. ஆனால் அப்படியொரு வானத்தை நான் பிறகு பார்க்கவில்லை. பங்குனி இரவுகளில் மாஸ்ரர் விடுதிப் பெடியளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்த் தெற்கே காமா வேலோரம் என்ற வெள்ளியைக் காட்டுவார். பாரிஸ் வானாய்வகத்தில் 1867இல் வூல்ஃபும் ரயேயும் கண்டுபிடித்த வகை வெள்ளிகளில் பூமியிலிருந்து மிகப் பிரகாசமாகத் தெரிவது அதுதான்.

ஒளி தள்ளி வெள்ளியின் மேற்படை எப்படிக் காற்றாக உரிகிறது என்ற மிச்சக் கதையை ரொறன்ரோ வந்தபின் நூலகத்தில் வாசித்தேன். பெருவெள்ளியின் கழியூதா (புற ஊதா) ஒளியைப் பிடிப்பது பெரும்பாலும் இரும்பு, காபன், நைதரசன் அயன்களே, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களே. அளவில் அவை மிகச் சொற்பம். நல்லூர்த் தேரன்று நாலு பேர் தள்ள முழுச் சனமும் நகருவதுபோல, அவை மோதி மோதி ஐதரசனையும் ஈலியத்தையும் கூடவே இழுத்துப் போகின்றன. இதில் கெட்டித்தனம் ஒன்று உண்டு. அயன் வேகம் எடுக்க எடுக்க, டொப்ளர் விளைவால், அதாவது நகரும் பொருளுக்கு ஒளியின் அலைநீளம் மாறித் தெரிவதால், அது விழுங்கும் அலைநீளம் நகர்கிறது. கீழே உள்ளவை தொடாத புது ஒளி அதற்குக் கிடைக்கிறது. வானியலாளர்கள் லூசியும் சொலமனும் 1970இல் சொன்ன இந்த விளக்கத்தை, 1975இல் காஸ்ரர், அபொட், கிளைன் மூவரும் முறையான கணக்காக்கினார்கள்.

எங்கள் சூரியனும் செக்கனுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் ஊதித் தள்ளுகிறதுதான். அது வேறு பொறிமுறை, சூரியனுக்கு அது ஒரு பொருட்டுமல்ல. காமா வேலோரமோ செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு இலட்சம் ஆண்டில் ஒரு சூரியன் என்ற கணக்கில் இழக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட சூரியத் திணிவோடு பிறந்ததாகக் கணிக்கப்படும் அதில் இன்று மிச்சம் ஒன்பதளவு. ஐதரசன் போர்வை போய், உள்ளே வெந்த ஈலியமும் காபனும் வெளியே தெரிகின்றன. 78 நாளுக்கொருமுறை சுற்றிவரும் துணைவெள்ளியின் காற்றோடு இதன் காற்று மோதி எக்ஸ் கதிர் வேறு.

ரொறன்ரோவில் இது அடிவானத்துக்கு மேல் வருவதேயில்லை; இலண்டன்காரருக்கும் அதே கதி. பங்குனி நடுவில் ஊருக்குப் போகிறவர்கள் இரவு ஒன்பது மணிபோலத் தெற்கே கையை நீட்டி, அடிவானத்திலிருந்து மூன்று முட்டி உயரத்தில் பாருங்கள். நகர வெளிச்சத்தை விட்டு விலகி நின்றால் நல்லது.