டம்ளர் சத்தமும் அம்மாயியின் குரலும்

பந்தலூருக்கு அருகே தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் வாழும் என் அம்மாயி, 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒருவர். அந்த மலைகளில் கொழுந்து பறித்த காலத்தில் அவர் கற்ற தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அவரோடு போய்விடக் கூடாது என்பதற்காக, சென்ற ஆடி மாதம் கையடக்க ரெக்கார்டரில் 11 பாடல்களை 24 பிட் வேவ் கோப்புகளாகப் பதிவு செய்தேன்.

போட்டுக் கேட்டபோது ஒப்பாரிகள் அறை நிறைய ஒலித்தன. தாலாட்டுகளோ காதை வைத்துக் கேட்டாலும் எட்டவில்லை. ரெக்கார்டரின் மெனுவிலேயே ஒலியளவை உயர்த்தும் நார்மலைஸ் வசதி இருந்ததால் அதையே முதலில் நாடினேன். அது பழைய கோப்பின் மீதே எழுதிவிடும் என்பதால், முன்னதாக மெமரி கார்டு முழுவதையும் மடிக்கணினியில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

முதல் தாலாட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. மடிக்கணினியில் இருந்த பிரதியை ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் உச்ச வரம்பு; மற்ற அளவுகள் அதற்குக் கீழே மைனஸில் வரும். அம்மாயி தேநீர் குடித்துவிட்டு எவர்சில்வர் டம்ளரைச் சிமெண்டுத் தரையில் வைத்த ஓசை, அலைவடிவில் ஊசிபோல் மைனஸ் 2 டெசிபல் வரை எழுந்து நின்றது. அவர் குரலின் உச்சமோ மைனஸ் 20ஐத் தாண்டவே இல்லை. நார்மலைஸ் கோப்பிலுள்ள மிக உயர்ந்த உச்சத்தை மட்டுமே பார்த்து, அது 0 டெசிபலைத் தொடும் அளவுக்கு முழுக் கோப்பையும் ஒரே சீராக உயர்த்துகிறது. ஆகவே அந்த ஒரு டம்ளரால் பாடல் முழுவதும் 2 டெசிபலோடு நின்றுவிட்டது. பிரதியை எடுத்து, அந்த நொடியை மட்டும் தேர்ந்து 18 டெசிபல் குறைத்தபின் நார்மலைஸ் செய்தேன். குரல் துலக்கமாக மேலே வந்தது.

கூடவே தகரக் கூரையில் பெய்த மழையும் அதே அளவு உயர்ந்தது. அதற்கு மாற்றில்லை. குரலுக்கும் மழைக்கும் உள்ள இடைவெளி பதிவின்போதே முடிவாகிவிடுகிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கியிருந்தால் குரல் மட்டும் சுமார் 6 டெசிபல் கூடியிருக்கும்.

உச்சங்கள் சமமான பின்னும் பாடல்கள் காதுக்குச் சமமாக இல்லை, ஏனெனில் காது உணர்வது உச்சத்தை விடச் சராசரி ஒலிமிகுதியையே. எனவே லௌட்னஸ் நார்மலைசேஷன் மூலம் 11 பாடல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து அம்மாயிக்குப் போட்டுக் காட்டினேன்.

"புள்ளைய தூங்க வைக்கிற பாட்ட இப்படிக் கத்தியா பாடுவாங்க, ராசா?" என்றார்.

அவர் சொன்னதே சரி. ஒப்பாரிகளை மைனஸ் 18 லஃப்ஸிலும் (சராசரி ஒலிமிகுதியின் அலகு) தாலாட்டுகளை மைனஸ் 22இலும் வைத்து, எந்த உச்சமும் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டவில்லை என உறுதிசெய்தேன். இப்போது தாலாட்டு தாலாட்டாகவே கேட்கிறது. ஒரு சொல்லும் தவறவில்லை.

அடுத்த பதிவுக்கு, உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு அளவை முன்கூட்டியே அமைத்து, ரெக்கார்டரை மடித்த கம்பளியின் மீது அம்மாயிக்கு அருகிலேயே வைத்தேன். தேநீரைப் பாட்டு முடிந்த பிறகுதான் கொண்டுவந்து கொடுத்தேன்.