விளி கேட்காத பத்து விநாடி

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு நரம்பியல் கிளினிக்கில் இஇஜி எடுப்பது, அதாவது தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலைகளைப் படமாகப் பதிவது, என் வேலை. 16 வருடமாக இதேதான். வருகிறவர்களில் பாதிப்பேர் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்கள் என்பதால் காலையில் தமிழில் தொடங்கும் பேச்சு மதியத்துக்குள் எந்த மொழி என்று எனக்கே தெரியாத நிலைக்கு வந்துவிடும். எல்லைக்கு இரண்டு பக்கமும் மாறாத ஒன்று தேங்காய் எண்ணெய். முந்தின நாள் ஷாம்பூ போட்டுத் தலை கழுவி, எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று போனில் இரண்டு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் டாக்டரிடம் போகிற பிள்ளையைப் பரட்டைத் தலையோடு கூட்டிவர எந்த அம்மாவுக்கு மனசு வரும்? எண்ணெய் மினுங்கும் தலையில் எலக்ட்ரோடு நிற்காது. ஸ்பிரிட்டும் பஞ்சுமாக நான் துடைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் உண்மையான கதை வெளியே வரும்.

சின்னப் பிள்ளைகள் என்றால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். "விளிச்சா விளி கேக்க மாட்டான் மோளே." எங்கள் பக்கத்தில் கூப்பிடுவது விளிப்பது, கூப்பிட்டதற்கு 'என்னம்மா' என்று குரல் கொடுப்பது விளி கேட்பது. சோறு தின்றுகொண்டிருக்கும்போது கை பாதியில் நிற்கும், கண் எங்கேயோ வெறிக்கும், இமை லேசாகத் துடிக்கும், பத்து விநாடியில் ஒன்றும் நடக்காதது போல அடுத்த வாய் சோறு. கீழே விழுவதில்லை, நுரை தள்ளுவதில்லை, அதனால் யாரும் இதை வலிப்பு என்று நினைப்பதே இல்லை. ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே வரும். பள்ளிக்கூடத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது: திமிர்.

இதைப் பிடிக்க என்னிடம் இருக்கிற முக்கியக் கருவி ஒரு பிளாஸ்டிக் காற்றாடி. திருவிழாவில் வாங்கியது, ஒரு இதழ் உடைந்திருக்கிறது. பிள்ளையின் தலையில் எலக்ட்ரோடு எல்லாம் ஒட்டியதும் ஃபேனை நிறுத்திவிடுவேன் (நிறுத்தாவிட்டால் காற்றாடி தானாகச் சுற்றும், பிள்ளை ஊதுகிறதா ஏமாற்றுகிறதா என்று தெரியாது), காற்றாடியை வாய்க்கு நேரே பிடித்து, ஊது மக்களே, நிறுத்தாதே என்பேன். மூன்று நிமிடம். வேகமாக ஊத ஊத ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும், அந்த வகை வலிப்பு இருக்கிற பிள்ளைக்கு அப்போதுதான் அது எட்டிப்பார்க்கும். திரையில் அதுவரை சாதாரணமாக ஓடிய கோடுகள் எல்லாம் ஒரே நொடியில் எழும்பும்: ஒரு கூர்முனை, பின்னால் ஒரு மெத்தென்ற மேடு, மறுபடி கூர்முனை, மறுபடி மேடு, விநாடிக்கு மூன்று. 1935-இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் காகிதத்தில் பார்த்ததும் இதே உருவம்தான். அந்த நேரம் காற்றாடி நின்றுபோகும். நான் மெதுவாக "சக்கை" என்று ஒரு வார்த்தை சொல்வேன் (எங்கள் பக்கத்தில் சக்கை என்றால் பலாப்பழம்; வருக்கை, கூழன் என்று இரண்டு வகை). அலை அடங்கியதும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து ஊத ஆரம்பிக்கும். இப்போ அக்கா என்ன சொன்னேன் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். அந்த வார்த்தை உள்ளே போகவே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. ஊதச் சொன்னதும் அழுதது. எனக்கும் பாவமாக இருந்தது, வெளியே கூட்டம் வேறு, ஒன்றரை நிமிடத்தில் விட்டுவிட்டேன். விட்டதோடு இருந்திருக்கலாம், ஃபாரத்தில் மூன்று நிமிடம் ஊதியதாக எழுதினேன். ரிப்போர்ட் நார்மல் என்று போனது. அடுத்த வருடம் அந்த அம்மா மறுபடி வந்தார். இதற்கிடையில் வேறு எங்கோ கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள், வெறித்துப் பார்ப்பது கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்க வைத்தார்களாம். "படம் நல்லாத்தானே இருக்குன்னு சொன்னீங்க மோளே" என்று அந்த அம்மா கோபமே இல்லாமல் கேட்டார். அன்றைக்கு அந்தக் குழந்தை முழுதாக ஊதியது, இரண்டாவது நிமிடம் தாண்டியதும் காற்றாடி நின்றது.

டாக்டர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். மூளையின் நடுவில் தாலமஸ், அங்கே இருக்கும் நரம்புச் செல்களின் சுவரில் டி-வகை கால்சியம் சேனல். அது ஒரு புரதம், வாசல் மாதிரி. மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினாலே திறந்து கால்சியத்தை உள்ளே விட்டு, உடனே மூடிக்கொள்ளும். மூடினால் தானாகத் திறக்காது. எனக்கு எலிப்பொறி ஞாபகம் வந்தது, ஒரு தடவை விழுந்துவிட்டால் யாராவது இழுத்து ஏற்றி வைத்தால்தானே மறுபடி விழும்? இங்கே ஏற்றி வைப்பது பக்கத்து அடுக்குச் செல்கள். அவை தாலமஸை அடக்குகின்றன, மின்னழுத்தம் நன்றாக இறங்குகிறது, பொறி தயாராகிறது. கொஞ்சம் ஏறியதும் கால்சியம் பாய்ந்து செல் படபடவென்று வெடிக்கிறது. அந்த வெடிப்பு மேலே மூளைப் புறணிக்கும் போகிறது, அடக்கின அதே செல்களையும் தட்டி எழுப்புகிறது. அவை மறுபடி அடக்க, மறுபடி பொறி ஏற, சுற்று தொடர்கிறது. நான் திரையில் பார்க்கும் விநாடிக்கு மூன்று இதுதான். தூக்கத்தில் இந்தச் சேனல்களுக்கு இதே மாதிரி தாளம் போடுகிற நியாயமான வேலை உண்டு. பிள்ளை முழித்து உட்கார்ந்து கணக்குப் போடும்போது அந்தத் தாளம் பிடித்தால்தான் வம்பு, ஏனென்றால் அப்போது கண்ணும் காதும் அனுப்புகிற சேதி தாலமஸைத் தாண்டி ஒழுங்காகப் போய்ச் சேராது. கார்பமாசெபின் அடைப்பது முக்கியமாகச் சோடியம் சேனலை. வேறு வலிப்புகளுக்கு அருமையான மருந்து, இதற்கு மட்டும் வினையாகலாம்.

இதற்குத் தோதான மருந்து எத்தோசக்சிமைடு 1960 வாக்கிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அது தாலமஸில் டி-வகைக் கால்சியம் ஓட்டத்தைக் குறைக்கிறது என்று காட்டியது 1989-இல். கிட்டத்தட்ட 30 வருடம், ஏன் கேட்கிறது என்று சரியாகத் தெரியாமலே கொடுத்திருக்கிறார்கள்! 2010-இல் அமெரிக்காவில் 453 பிள்ளைகளிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டார்கள். வலிப்பை நிறுத்துவதில் எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் ஏறக்குறைய சமம், லாமோட்ரிஜின் பின்தங்கியது. சமமான அந்த இரண்டில் கவனத்தைக் குறைவாகக் கெடுத்தது எத்தோசக்சிமைடு. நம் பக்கத்தில் எல்லா மெடிக்கலிலும் அது இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

அதற்கப்புறம் மூன்று நிமிடத்தில் ஒரு விநாடி குறைத்ததில்லை. அழுகிற பிள்ளைக்குக் காத்திருப்பேன், வெளியே கூட்டம் முணுமுணுக்கட்டும். ஆஸ்துமா மாதிரி ஊதக்கூடாத காரணம் இருந்தால் 'ஊதவில்லை' என்றே எழுதுவேன்.

போன மழைக்காலத்தில் பாறசாலைப் பையன் ஒருவன், எட்டு வயது, மருந்து தொடங்கி ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வந்தான். முதல் தடவை இரண்டு முறை காற்றாடியை நிறுத்தியவன். இந்தத் தடவை மூன்று நிமிடமும் மூச்சு வாங்க ஊதினான், கோடுகள் அமைதியாக ஓடின. தேவை இல்லைதான், இருந்தாலும் நடுவில் "சக்கை" என்று சொல்லிப் பார்த்தேன்.

ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "வருக்கையா கூழனா அக்கா?"