கல்லுப்பும் படிகாரமும் வைத்துத் திட நிலைமை படித்த அனுபவம்

பிளஸ் டூ வேதியியலில், திடப்பொருளுக்குள் துகள்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் 'திட நிலைமை' பாடத்தைப் பலரும் மனப்பாடக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்து அதை எடுத்த பிறகு, "பொதுத்தேர்வுக்கு மட்டும்தானே" என்ற அலட்சியம் இன்னும் கூடிவிட்டது. மதுரையில் தமிழ்வழியில் படித்த எனக்கு அந்தப் பாடம் பிடிபட்டது, வீட்டில் படிகம் வளர்த்துப் பார்த்த பிறகுதான். பதினொன்றாம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறையில் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

படிகாரம் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். கல்லுப்பு அடுப்படியிலேயே இருக்கிறது. பாக்கெட்டில் வரும் தூள் உப்பு வேண்டாம். கட்டிபிடிக்காமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள் படிகத்தின் வடிவத்தை மாற்றிவிடும். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருக்கும் என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லுப்பைக் கரைத்ததும் துணியில் வடிகட்டினால் அடியில் தங்கும் மண் போய்விடும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்வதில்தான் விஷயமே இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் படிகாரம் 20 டிகிரியில் 14 கிராம் அளவுக்குக் கரையும். 50 டிகிரியில் 37 கிராம் வரை போகும். அதனால் சூடான கரைசல் ஆறும்போது, தாங்க முடியாத மிச்சம் படிகமாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். சோற்றுப்பு அப்படி இல்லை. 25 டிகிரியில் 36 கிராம், கொதிக்கும் தண்ணீரிலும் 39 கிராம்தான். எவ்வளவு சூடாக்கிக் கரைத்து ஆற வைத்தாலும் அதிகம் எதுவும் வராது. தண்ணீரை ஆவியாக்குவது ஒன்றே வழி. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டி வெயிலை நம்பி இருப்பதற்கும் இதுவே காரணம். இதைக் கண்ணால் பார்த்தவருக்குக் கரைதிறன் வரைபடம் மறக்காது: உப்பின் கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும், படிகாரத்தின் கோடு மேலே பாயும்.

நம் ஊர் சித்திரை வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. மொட்டை மாடியில் வைத்தால் தண்ணீர் சட்டென்று வற்றி, ஒரே சமயத்தில் ஆயிரம் இடத்தில் படிகம் தொடங்கிவிடும். கரைந்திருக்கும் பொருள் அத்தனைக்கும் பங்குபோய்ப் பொடிதான் மிஞ்சும். அயனிகள், அதாவது கரைசலில் இருக்கும் மின்சுமை கொண்ட துகள்கள், தாமாகச் சேர்ந்து படிகத்தின் தொடக்கமான ஒரு சின்னக் கரு ஆவது கடினம். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் கரு மறுபடி கரைந்துபோகும், அதைத் தாண்டியது வளரும். ஏற்கெனவே ஒரு பரப்பு இருந்தால் அங்கே ஒட்டுவது சுலபம். பனங்கற்கண்டு செய்கிறவர்கள் பாகில் நூல் கட்டி விடுவதும் இதனால்தான். ஆகவே பாத்திரத்தை வீட்டுக்குள் நிழலில் வைத்து, ஓட்டை போட்ட தாளால் மூடுங்கள். முதலில் வருவதில் ஒழுங்கான ஒரு படிகத்தைப் பொறுக்கி, நூலில் கட்டி, தெளிந்த கரைசலில் தொங்கவிடுங்கள். படிகாரம் என்றால் பகல் சூட்டில் கரைசல் மறுபடி தெவிட்டாத நிலைக்கு, அதாவது இன்னும் கரைக்க இடமுள்ள நிலைக்குப் போய் உங்கள் படிகத்தையே கரைத்துவிடும். வெப்பம் அதிகம் மாறாத அறையாகப் பாருங்கள். உப்புக்கு அந்தப் பயம் இல்லை. ஏன் என்று மேலே சொன்ன எண்களே சொல்லும்.

உப்புக் கரைசலின் மேலே சில சமயம் நடுவில் குழிந்த சதுரங்கள் மிதக்கும். அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள், பார்க்க அவ்வளவு அழகு. விளிம்புக்கும் மூலைக்கும் கரைசலிலிருந்து அயனிகள் அதிகம் வந்து சேர்வதால் அவை முந்தி வளர்கின்றன, முகத்தின் நடுப்பகுதி பின்தங்குகிறது. மெதுவாக வளர்ந்தவை முழுக் கனசதுரமாக இருக்கும். படிகாரமோ எட்டு முகங்களோடு வரும்.

இனிப் புத்தகத்தை எடுங்கள். உப்பு, அதாவது சோடியம் குளோரைடின் அலகுக்கூட்டை வரையுங்கள். திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் ஆகிவிடும் மிகச் சிறிய பெட்டிதான் அலகுக்கூடு. மூலையில் எட்டுக் குளோரைடு, ஒவ்வொன்றும் எட்டில் ஒரு பங்கு, முகப்பில் ஆறு, ஒவ்வொன்றும் பாதி, ஆக 4. சோடியம் விளிம்புகளில் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் கால் பங்கு, நடுவில் ஒன்று, அதுவும் 4. கூட்டின் விளிம்பு நீளம் 564 பிகோமீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் உப்புக் கல்லின் ஓரத்தில் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் கூடுகள் வரிசையாக நிற்கின்றன. எனக்கு இன்றும் இது மலைப்புதான். 1913-இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரை வைத்து இந்த அடுக்கைக் கண்டார்கள். 1915-இல் நோபல் பரிசு வந்தபோது மகனுக்கு வயது 25.

படிக அடுக்கில் வரும் ஷாட்கி, பிரெங்கல் என்ற இரண்டு குறைபாடுகளையும் இந்தப் படத்திலேயே படியுங்கள். முதலில் ஷாட்கி. சோடியம் ஒன்று, குளோரைடு ஒன்று என்று சம எண்ணிக்கையில் இடம் காலியானால் மின்சுமை சமமாகவே இருக்கும், அடர்த்தி மட்டும் குறையும். பிரெங்கலில் அயனி படிகத்துக்குள்ளேயே இடம் மாறுவதால் அடர்த்தி குறையாது. வேறுபாடு கேட்டால் இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அயனிச் சமநிலைப் பாடத்துக்கும் இதே பாத்திரம் உதவும். தெவிட்டிய உப்புக் கரைசலில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் தூய உப்பு வீழ்படிவாகும். கரைசலில் ஏற்கெனவே உள்ள குளோரைடு அயனியே மேலும் சேர்வதால் உப்பின் கரைதிறன் குறைகிறது, அது பொது அயனி விளைவு. வீட்டில் இதைச் செய்யக்கூடாது, ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேளுங்கள்.

கணக்குக்கு வருவோம். அடர்த்திச் சூத்திரத்தில் பெரும்பாலும் மதிப்பெண் போவது அலகு மாற்றத்தில். 564 பிகோமீட்டரை முதலில் 5.64 × 10⁻⁸ செ.மீ. என்று எழுதிவிட்டு, அப்புறம் மும்மடி எடுங்கள். 4 × 58.5 மேலே (கூட்டில் உள்ள 4, சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5), அவகாட்ரோ எண்ணும் மும்மடியும் கீழே. கன சென்டிமீட்டருக்கு 2.17 கிராம் பக்கம் வந்தால் சரி. வேறு மாதிரி வந்தால் பத்தின் அடுக்கைத் திரும்பப் பாருங்கள்.