மோட்டார் இரைகிறது, தண்ணீர் வரவில்லை: பழைய கார்ப்பெட் கிளீனரை வீட்டிலேயே சரிசெய்தல்

செகண்ட் ஹேண்ட் கார்ப்பெட் கிளீனர் பெரும்பாலும் "ஓடுது, ஆனா சரியா வேலை செய்யல" என்ற ஒரு வரியோடுதான் கைக்கு வரும். நான் பிரித்ததும் அப்படிப்பட்டதுதான். மோட்டார் இரைந்தது. தண்ணீர் பீச்சவில்லை, உறிஞ்சுவது பேருக்கு, பிரஷ் அசையவே இல்லை. எல்லாம் சேர்ந்து போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் காற்றுக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி, பிரஷுக்கு ஒரு வழி, மூன்றும் தனித்தனி. மோட்டார் நன்றாக இரையும்போது அதைக் கழற்றுவது வீண் வேலை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு காற்று வழியில் தொடங்கலாம், ஏனென்றால் அதற்கு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். அழுக்குத் தண்ணீர் டேங்கைக் கழற்றியதும் மோட்டார் காற்றை இழுக்கும் துளை தெரியும். பிளக்கைச் செருகி, மெஷினை ஓடவிட்டு, அந்தத் துளையை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கையைக் கவ்வி இழுத்தால் மோட்டார் நலம். அடுத்து டேங்கை மாட்டி, தரையில் படும் வாயில் கை வையுங்கள். அங்கே பலம் குறைந்தால் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நடுவில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, டேங்க் நிரம்பியதும் காற்றை அடைக்கும் ஃப்ளோட். காய்ந்த சோப்பு பிடித்து அது மேலேயே ஒட்டிக்கொண்டால், காலி டேங்கையும் நிரம்பிய டேங்காக நினைத்து அடைத்துவிடும். வெந்நீரில் கழுவி, தானாக விழுந்து எழுகிறதா என்று குலுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, டேங்க் மூடியின் ரப்பர் கேஸ்கெட். மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை விளிம்பு நெடுக நகர்த்தினால் கசியும் இடத்தில் உள்ளே இழுபடும். கேஸ்கெட் தட்டையாகி இருந்தால் அதே தடிமனுள்ள ஸ்பாஞ்ச் ரப்பர் கயிறு போதும். மூன்றாவது, தரை வாயின் பிளாஸ்டிக் மூடி. இந்த மெஷினில் பாதி அடைப்பு அங்கேதான் இருந்தது: நூலும் முடியும் மண்ணும் சேர்ந்து விரல் தடிமனில் காய்ந்த பட்டை. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் முழுதாக உரிந்து வரும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அசிட்டோனைத் தொடவிடாதீர்கள், விரிசல் ஓடிவிடும். கீறல் இருந்தால் எபாக்ஸி பூசுங்கள்.

தண்ணீர் வழிதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். நல்ல தண்ணீர் டேங்கின் அடியிலுள்ள ஸ்பிரிங் வால்வை விரலால் அழுத்தினால் தண்ணீர் தாராளமாகக் கொட்ட வேண்டும். சொட்டினால் வால்வின் சல்லடையில் அடைப்பு. கொட்டினால், பம்பின் வெளிக்குழாயைக் கழற்றி ஒரு குவளைக்குள் விட்டு டிரிக்கரை அழுத்துங்கள். பாதையை இப்படி இரண்டாக வெட்டிப் பார்த்தால் பாதி நேரம் மிச்சம். குவளையில் தண்ணீர் வந்தால் பம்ப் குற்றவாளி அல்ல, முன்னால் தண்ணீரைப் பீச்சும் நாசில்தான். பம்ப் ரீங்காரம் போட்டும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கும், அல்லது பிஸ்டன் ஒட்டியிருக்கும். உள்குழாயில் சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றினால் காற்று போய்விடும். பிஸ்டனுக்கு, 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பம்புக்குள் ஏற்றி அரை மணி நேரம் விட்டு, இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் ஓட்ட வேண்டும். அமிலத்தோடு பிளீச்சிங் திரவம் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கொதிநீரும் வேண்டாம், டேங்க் கோணிவிடும்.

பம்பிடமிருந்து சத்தமே இல்லையென்றால்தான் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர். அதிர்வு வகை பம்புகளில் பலவற்றில் காயிலோடு (கம்பிச்சுருளோடு), மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று தொடராக இருக்கும். அதனால் ஓம் அளவையில் காயில் அறுந்ததுபோலக் காட்டும். இதை நம்பி நல்ல பம்பைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்ப்பது உத்தமம். மூடி திறந்த நிலையில் செய்வதால், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் மட்டும் செய்யுங்கள். சில மாடல்களில் பம்பே பெல்ட்டில்தான் சுற்றும், அதற்குத் தனி வயர் இருக்காது.

நாசிலை ஊசியால் குத்தாதீர்கள். துளையின் வடிவம் சற்றே சிதைந்தாலும் விசிறியாக விழ வேண்டிய தண்ணீர் ஒரே கோடாகப் பாய்ந்து, கம்பளத்தில் ஈரப் பட்டை விழும். அதே சிட்ரிக் கரைசலில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்தாலே போதும். இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கு சிலிக்கான் கிரீஸ். வாசலின் போட்டால் சில ரப்பர்கள் ஊதிவிடும்.

பிரஷ் விஷயம் சின்னது. பெல்ட் அறுந்திருந்தது. ஆனால் பெல்ட் தானாக அறுவது அபூர்வம். பிரஷின் இரு முனைகளிலும் முடி சுற்றி இறுகியதுதான் காரணம். அதை வெட்டி எடுக்காமல் புது பெல்ட் மாட்டினால் அதுவும் அறுந்துபோகும். பழைய பெல்ட்டில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழிந்திருந்தால் பற்களை எண்ணி அகலத்தை அளந்து வாங்கலாம். பிரஷைக் கையால் சுழற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும்.

மோட்டார் கிறீச்சிட்டால் பேரிங். சோப்பு நுரை ஃப்ளோட்டைத் தாண்டி உள்ளே போவதால் வருகிற துரு இது. பேரிங்கின் எண் அதிலேயே இருக்கும்: 608 என்றால் உள்விட்டம் 8 மிமீ, வெளிவிட்டம் 22, அகலம் 7. அதிகமாகப் பொறி பறந்தால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷைப் பாருங்கள், மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். மோட்டார் ஓடவே இல்லையென்றால் மின்வயர், சுவிட்ச், சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ் என்ற வரிசையில் கன்டினியூட்டி, அதாவது மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தெர்மல் ஃபியூஸை நேர் வயர் போட்டு இணைப்பது தீயை அழைப்பது. புதியதைச் சால்டர் வைத்துச் சூடாக்கினால் மாட்டும்போதே போய்விடும். சிறு உலோகக் குழலை வயர்மேல் நசுக்கி கிரிம்ப் செய்வதுதான் சரி.

மூடும்போது பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூவை முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழுந்த பிறகு வலப்பக்கம் முறுக்கினால் மரை தேயாது. சோதனைக்குக் கம்பளம் வேண்டாம். வழவழப்பான தரையில் அரை லிட்டர் தண்ணீரை ஊற்றி இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய முழுதும் டேங்குக்கு வந்து, தரையில் ஈரத்தடம் மட்டும் மிஞ்சினால் காற்று வழி சரி.

மோட்டார் காயில் கருகிய வாடை வந்துவிட்டால் மட்டும் மேலே செலவு செய்யாதீர்கள். டேங்க், ஹோஸ், நாசில், பம்ப் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் இன்னொன்று அகப்பட்டால் உதிரிக்கு உதவும்.