கோத்தகிரியில் இருந்துகொண்டே கம்பெனி மாறியது

மலையில் இருந்துகொண்டு ஐ.டி. வேலை தேடுகிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது நெட்டைப் பற்றித்தான். எனக்கு நெட் பெரிய தொந்தரவாக இல்லை. வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது, மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால்தான் சிக்கல். என்னைப் படுத்தி எடுத்தது பழைய கம்பெனியின் 90 நாள் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் அங்கேயே வேலை பார்க்க வேண்டிய காலம். இன்டர்வியூவில் என்ன கேட்பார்களோ என்பதைவிட, ராஜினாமாவை எந்த நேரத்தில் கொடுப்பது என்பதில்தான் மண்டை அதிகம் காய்ந்தது.

ஊட்டியில் டிகிரி முடித்து, கோவையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மேனுவல் டெஸ்டராக, அதாவது சாஃப்ட்வேரைக் கையால் ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிறவளாகச் சேர்ந்தவள் நான். 2020 மார்ச்சில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். வேலை வீட்டிலிருந்தே ஓடியது. அப்புறம் ஒரு நாள், வாரத்தில் பாதி நாள் ஆபீஸுக்கு வர வேண்டும் என்று மெயில் வந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை போய், மறுபடி சரவணம்பட்டிக்கு பஸ் பிடிப்பது தினமும் நடக்கிற காரியமில்லை. கீழே ரூம் எடுக்கலாம் என்றால் அதற்கான வாடகை அளவுக்குக்கூட சம்பளம் ஏறியிருக்கவில்லை. சரி, மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரியும் என்று ரெஸ்யூமே போட்டால் இப்போது போன் வருவதில்லை. ஜாவாவும், வெப்சைட் சோதனையைத் தானாக ஓட்ட வைக்கிற செலினியமும் கற்றுக்கொண்டேன். கோர்ஸில் காட்டுகிற ஷாப்பிங் தளத்து உதாரணங்கள் எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொரு ரிலீஸுக்கும் கையால் ஓட்டி ஓட்டி அலுத்துப்போன என் பிராஜெக்ட்டின் ரெக்ரஷன் கேஸ்களையே (புது மாற்றத்தால் பழையது எதுவும் உடையவில்லையே என்று பார்க்கும் சோதனைகள்) எடுத்து, லீடிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக ஆட்டோமேட் செய்தேன். இப்படிச் செய்ததில் ஒரு வசதி: ரெஸ்யூமேயில் எழுதிய எதைக் கேட்டாலும் பதில் கையில் இருந்தது.

அடுத்து வேலை தேடும் தளமான நௌக்ரி. அதில் நோட்டீஸ் பீரியட் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 15 நாளுக்குள், ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தேர்வு செய்ய வேண்டும். நோட்டீஸில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தேர்வு உண்டு. ரெக்ரூட்டர்கள் இதை வைத்துத்தான் ஆட்களைச் சலிக்கிறார்கள். மூன்று மாதம் என்று போட்டவரை எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே அச்சு.

"நோட்டீஸ் எவ்வளவு மேடம்?"

"90 நாள். பேசிக் குறைக்கப் பார்க்கலாம்."

"ஓ... கிளையன்ட் இமிடியட் ஜாயினர் கேக்குறாங்க. ப்ரொஃபைல ஹோல்டுல வைக்கிறேன்."

ஹோல்டில் வைத்த ப்ரொஃபைலை யாரும் திரும்ப எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கையில் ஆஃபர் இல்லாமலே பேப்பர் (ராஜினாமா) போட்டுவிடு, நோட்டீஸில் இருக்கும்போது தானாக அழைப்பு வரும் என்று டீமில் சிலர் சொன்னார்கள். வருவது உண்மைதான். ஆனால் வீட்டில் என் சம்பளத்தை நம்பி ஒரு கடன் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முடிந்தும் எதுவும் அமையாவிட்டால்? கடன் இல்லாதவர்களும், வீட்டில் இன்னொரு சம்பளம் உள்ளவர்களும் அப்படிச் செய்யட்டும். நான் வேறு வழியில் போனேன். 90 நாள் காத்திருக்கத் தயாராக உள்ள ஒரு கம்பெனியை முதலில் பிடித்தேன். சம்பளம் சுமார்தான், ஆனால் மோசமில்லை. ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்த பிறகே ராஜினாமா. அன்றே நௌக்ரியில் கடைசி வேலை நாளையும் போட்டேன். போன் ஓயவில்லை. அதே ரெஸ்யூமே, அதே ஆள், மாறியது அந்த ஒரு கட்டம் மட்டும்.

ஒரு ஆஃபரை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொன்று தேடுவது நியாயமா என்று என் அக்கா கேட்டாள். சேருகிற தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் ஆஃபரையே திரும்ப எடுத்துக்கொண்ட கம்பெனிகளிடம் மாட்டியவர்கள் என் கூடப் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். ஆகவே தேடுவதில் தப்பில்லை என்பது என் கட்சி. ஆனால் சேர வேண்டிய நாள் காலையில் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போவது அசிங்கம். வேறு இடம் முடிவானதும் முதல் கம்பெனி எச்.ஆரிடம் நானே போன் செய்து சொன்னேன். சேரும் தேதிக்கு இன்னும் வாரங்கள் இருந்தன. அவர் சந்தோஷப்படவில்லை, திட்டவும் இல்லை.

இன்டர்வியூக்கள் நடந்தது ஐப்பசியில். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். தகரக் கூரையில் மழை இறங்கினால் ஹெட்செட் போட்டிருந்தாலும் எதிராளி பேசுவது காதில் விழாது. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும் என்பதால் எல்லோரிடமும் காலை நேரமே கேட்டு வாங்கினேன். கரண்ட் போனால் ரவுட்டருக்குச் சின்ன யூ.பி.எஸ்., அதுவும் போனால் போன் ஹாட்ஸ்பாட். இதையெல்லாம் இன்டர்வியூ தொடங்கியதும் ஒரு வரியில் சொல்லிவிடுவேன்: "இங்கே மழை, நடுவில் துண்டித்தால் இரண்டு நிமிடத்தில் திரும்ப வருவேன்." ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

கேள்விகள் பெரும்பாலும் எதிர்பார்த்தவைதான். ஃபைண்ட் எலிமென்ட்டுக்கும் ஃபைண்ட் எலிமென்ட்ஸுக்கும் என்ன வித்தியாசம் (கிடைக்காவிட்டால் முதலாவது எக்ஸெப்ஷன் எறியும், இரண்டாவது காலி லிஸ்ட்டைத் தரும்), இம்ப்ளிசிட் வெயிட், எக்ஸ்ப்ளிசிட் வெயிட், ஏ.பி.ஐ.யில் 401க்கும் 403க்கும் வித்தியாசம், இரண்டாவது அதிக சம்பளத்தை எடுக்கும் எஸ்.க்யூ.எல். இவற்றுக்குப் பதில் எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் நான் சேர்ந்த கம்பெனியில் கேட்டது வேறு மாதிரி: "நீங்க கண்டுபிடிச்ச ஒரு டிஃபெக்ட்டை டெவலப்பர் ஒத்துக்கல. என்ன செஞ்சீங்க?"

என்னிடம் அப்படி ஒரு பிழை இருந்தது. இன்ஷூரன்ஸ் பிராஜெக்ட். 2020 பிப்ரவரி 29 அன்று தொடங்கிய பாலிசிக்கு 2021இல் ரினீவல் தேதியே உருவாகவில்லை. அந்தத் தேதி எந்த டெஸ்ட் கேஸிலும் கிடையாது. என் அக்கா மகன் அன்றுதான் பிறந்தான், அதனால் எந்த ஃபார்மில் தேதிக் கட்டத்தைப் பார்த்தாலும் அவன் பிறந்தநாளைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். டெவலப்பர், "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற தேதிக்கு இப்ப என்ன அவசரம்?" என்று நான் பதிந்த பிழைக் குறிப்பை, அதாவது டிக்கெட்டை, மூடிவிட்டார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. அந்தத் தேதியில் தொடங்கிய பாலிசிகள் எத்தனை என்று டேட்டாபேஸில் ஒரு க்வெரி ஓட்டி, வந்த எண்ணிக்கையை டிக்கெட்டில் ஒட்டித் திரும்பத் திறந்தேன். அந்த ரிலீஸிலேயே சரிசெய்தார்கள்.

இதைச் சொன்னதும் எதிரே இருந்தவர் அந்த க்வெரியை எழுதிக் காட்டச் சொன்னார். அப்புறம், "அந்த பாலிசிக்கு ரினீவல் தேதி பிப்ரவரி 28ஆ, மார்ச் 1ஆ?" என்று கேட்டார். அதை நாங்கள் முடிவு செய்யவில்லை, பிசினஸ் டீமிடம் கேட்டு எழுத்தில் வாங்கினோம் என்றேன். தலையை ஆட்டினார். அன்றைய பேச்சில் பாதி நேரம் இந்த ஒரு டிஃபெக்ட்டிலேயே போனது.

அடுத்த ரவுண்டுக்குக் கோவைக்கு நேரில் வரச் சொன்னார்கள். ஆன்லைனில் வேறு ஆளை உட்கார வைப்பதும், பக்கத்துத் திரையில் ஏ.ஐ. சொல்வதைப் பார்த்துப் படிப்பதும் பெருகிவிட்டதால் ஒரு ரவுண்டாவது நேரில் வேண்டும் என்றார்கள். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் ஐப்பசி மழையில் காலை முதல் பஸ்ஸை நம்பமாட்டார்கள். முந்தின நாளே இறங்கி, தோழி வீட்டில் தங்கிக்கொண்டேன்.

சம்பளப் பேச்சுதான் எனக்குப் புதிது. தாத்தா இலங்கையிலிருந்து வந்து, அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் கூலி என்பது தொழிற்சங்கம் பேசி, அரசு அறிவித்து வருகிற தொகை. "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. எச்.ஆர். "இப்ப வாங்குறதுக்கு மேல 30 சதவீதம் தரலாம்" என்று ஆரம்பித்தார். குறைந்த சம்பளத்தில் இருப்பவர் சதவீதக் கணக்குக்குள் போனால் வெளியே வரவே முடியாது. கையிலிருந்த ஆஃபரைச் சொல்லி, எனக்கு வேண்டிய தொகையை ரூபாயில் சொன்னேன். கொஞ்சம் இழுத்துவிட்டு 9 லட்சத்துக்கு வந்தார்.

அதை அம்மாவிடம் சொன்னதும் மாதம் 75 ஆயிரமா என்றார். இல்லை. 9 லட்சத்தில் 10 சதவீதம் வேரியபிள், அதாவது 90 ஆயிரம். அது ஆண்டு முடிவில், கம்பெனி கணக்குப்படி வந்தால் உண்டு. கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800 என்று 21,600. கிராஜுவிட்டி (பணிக்கொடை), பேசிக் சம்பளத்தில் 4.81 சதவீதம், சுமார் 19 ஆயிரம். இவற்றைக் கழித்து, நம் பங்கு பி.எஃப்.பையும் கழித்தால் கைக்கு வருவது 62 ஆயிரம் சொச்சம். "ஈரக் கொழுந்துக்கு எடை கழிக்கிற மாதிரின்னு சொல்லு" என்றார் அம்மா. அதேதான். ஆகவே ஆஃபரில் எவ்வளவு ஃபிக்ஸட், எவ்வளவு வேரியபிள் என்ற பிரிவைக் கேட்டு வாங்காமல் சரி என்று சொல்லாதீர்கள்.

பழைய கம்பெனியில் மேனேஜர், கிட்டத்தட்ட புதிய இடத்துச் சம்பளமே தருகிறேன், இருந்துவிடு என்றார். இத்தனை வருடம் இல்லாத பணம் ராஜினாமா மெயிலுக்குப் பிறகு எங்கிருந்து வந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. சீக்கிரம் விடுவிக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். மாற்று ஆளுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்து முடித்தால் விடுவதாகச் சொன்னார். அந்த வாய்ப்பேச்சை அன்று மாலையே மெயிலாக எழுதி, எச்.ஆரையும் சேர்த்து அனுப்பி, "ஒப்புதல்" என்று பதில் வாங்கினேன். நாளை மேனேஜர் மாறினால் வாய்ப்பேச்சு செல்லாது.

சேர்ந்த பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். பி.எஃப்.புக்கான நிரந்தர எண்ணான யு.ஏ.என். மூலம் பி.எஃப். பாஸ்புக்கையே கேட்டார்கள். எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று அதில் வரிசையாக இருக்கும். இல்லாத அனுபவத்தைப் பணம் வாங்கிக்கொண்டு "போட்டுத் தருகிறோம்" என்று அலைகிற ஏஜென்ட்டுகளை நம்புகிறவர்கள் ஒரு தடவை அந்தப் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கட்டும். எனக்குப் பழைய கம்பெனி விலகிய தேதியை ஏற்றாமலே விட்டிருந்தது. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் போனால் ஊழியரே அந்தத் தேதியைப் போர்ட்டலில் பதிவு செய்யலாம். செய்த பிறகுதான் பழைய பணம் புதிய கணக்குக்கு மாறியது. பழைய கம்பெனியில் அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பள விவரத்தையும் புதிய இடத்தில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் தனித்தனியாகக் கழிவு கொடுத்து வரி பிடிப்பார்கள், வருமான வரி ரிட்டர்ன் போடும்போது மீதி வரியை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.

இப்போது மாதத்தில் சில நாள் மட்டும் கோவை, மீதி வீட்டிலிருந்து. அந்த ஏற்பாட்டையும் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கினேன். எச்.ஆர். முதலில், "அது பாலிசிதான் மேடம், லெட்டர்ல போடறதில்ல" என்றார். பாலிசி எப்போது வேண்டுமானாலும் மாறும், ஏற்கெனவே ஒரு மெயிலில் மாறியதால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன் என்றேன். மறுநாள் திருத்திய லெட்டர் வந்தது.