38 விநாடி தள்ளி

2024 ஜூன் 29, சனிக்கிழமை. பார்படோசின் பிரிட்ஜ்டவுன் நகரில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் கடைசி ஓவருக்கு வந்திருந்தது. இந்தியாவை வெல்லத் தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு பந்துகளில் 16 ரன் வேண்டும். எதிரே மில்லர் நிற்கிறார். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள என் வீட்டுத் தொலைக்காட்சியில் ஹர்திக் பாண்டியா அந்த ஓவரின் முதல் பந்தை இன்னும் வீசவே இல்லை. அப்போது கைப்பேசி அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து அப்பா.

"எலேய், சூர்யா பிடிச்சதப் பாத்தியாலே! என்னா ஒரு பிடி!"

நான் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் என் திரையில் ஹர்திக் ஓடி வந்தார், மில்லர் தூக்கி அடித்தார், சூர்யகுமார் எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடித்து, மேலே எறிந்துவிட்டு, கோட்டுக்கு வெளியே கால் வைத்துத் திரும்பி உள்ளே வந்து மறுபடி பிடித்தார். உலகமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தக் காட்சியை, முடிவு தெரிந்த துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தைப் போல நான் பார்த்து முடித்தேன். இந்தியா 7 ரன்னில் வென்றது, கோப்பை கிடைத்தது, எனக்கு மட்டும் ஏதோ பறிபோனது போலிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்ஜ்டவுனும் டொராண்டோவும் கோடைக்காலத்தில் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. அங்கே காலை பத்தரைக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கேயும் பத்தரைதான். மைதானத்துக்கும் என் சோபாவுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அப்பாவின் நாற்காலிக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் செய்தி கடல்களைத் தாண்டி முதலில் பாளையங்கோட்டைக்குப் போய், அங்கிருந்து அப்பாவின் குரலில்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

காரணம் எளியதுதான். இணையவழி ஒளிபரப்பு, படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் சுருக்கி, ஊருக்கு ஊர் வைத்திருக்கும் கணினிகளுக்கு அனுப்புகிறது. நடுவில் படம் நின்று சுற்றக்கூடாது என்று என் வீட்டுப் பெட்டியும் இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே முதல் துண்டைக் காட்டுகிறது. அப்பாவிடம் இருப்பதோ தெருக் கேபிள்காரர் மாடி மேல் இழுத்துக் கொடுத்த கம்பி. இன்னொரு நாள் இருவரும் தொலைபேசியில் இருந்தபடியே ஒரு பந்துக்குக் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். 38 விநாடி. மாதாமாதம் சந்தா கட்டுகிற நான், கேபிள் கம்பிக்கு 38 விநாடி பின்னால் இருக்கிறேன்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாங்க முடியாதது, அது நம் வழிபாட்டு முறைகளையே குலைத்துப் போடுவதுதான். ஆட்டம் சூடு பிடிக்கும்போது யாரும் இடம் மாறி உட்காரக்கூடாது, ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது சிக்ஸர் விழுந்தால் கழுத்து பிடித்துக்கொண்டாலும் அப்படியே கிடக்க வேண்டும், விக்கெட் வேண்டுமென்றால் அம்மா அடுக்களைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவை அடுக்களைக்கு அனுப்பி எடுத்த விக்கெட்டுகள் கும்ப்ளே கணக்கில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இங்கே நான் மூச்சை அடக்கிக் கால் மேல் கால் போட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பந்து ஏற்கெனவே வீசப்பட்டு, அடிக்கப்பட்டு, எடுத்து வந்து பந்துவீச்சாளர் கையிலும் கொடுக்கப்பட்டுவிட்டது. யாரை நான் காப்பாற்றுகிறேன்? பிறந்துவிட்ட குழந்தைக்குச் சுகப்பிரசவம் வேண்டி நேர்ந்துகொள்வது போன்றது இது.

மற்றபடி நான் இந்நாட்டில் வேரூன்றிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அலுவலக நண்பர்களோடு பனி ஹாக்கி பார்க்கிறேன். 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொடாத டொராண்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக அவர்களோடு சேர்ந்து வருந்தவும் பழகிவிட்டேன். ஆனால், அந்த வருத்தத்தில் இருக்கும்போதே மனம் தன்போக்கில் 1999 ஜனவரி 31-க்குப் போய்விடுகிறது. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக நான்காவது இன்னிங்சில் இலக்கு 271. சச்சின் 136 அடித்து வெளியேறும்போது ஸ்கோர் 254. எங்கள் தெருவில் மின்சாரம் போயிருந்ததால், அப்பாவின் டிரான்சிஸ்டரை வேப்பமரத்துத் திண்ணையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பின் நான்கே ரன். 258-க்குள் எல்லாம் முடிந்து, 12 ரன்னில் தோற்றோம். அப்பா வானொலியை உடனே அணைக்கவில்லை. வென்ற பாகிஸ்தான் வீரர்களுக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியதை, கரகரப்போடு கேட்ட பிறகே குமிழைத் திருகினார். அந்தக் கைதட்டல் எங்கள் திண்ணைக்குப் பின்தங்காமல் வந்து சேர்ந்தது.

2025 மார்ச் 9, துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். அன்றைக்கென்று பார்த்துத்தான் இங்கே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள். ஆட்டம் தொடங்கும்போது கைப்பேசி ஐந்து என்றது. யாரும் திருத்தாத அடுப்புக் கடிகாரம் நான்கு என்றது. கடைசி ஐந்து ஓவருக்கு நான் ஒரு காரியம் செய்தேன். தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துத் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, அப்பாவை அழைத்து, வர்ணனை சொல்லச் சொன்னேன்.

அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுப் பழகியவர் அப்பா. முதலில் கூச்சப்பட்டார். இரண்டு பந்து போனதும் குரல் மாறிவிட்டது. களத்தடுப்பு, காற்றடிக்கும் திசை, மட்டையைப் பிடித்திருக்கும் விதம் என்று எல்லாம் வந்தது. "ஜடேஜா தயாராக நிற்கிறார்..." என்று செந்தமிழில் தொடங்கியவர், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நெல்லைக்கு இறங்கிவிட்டார். "போச்சுலே! நாலு! முடிஞ்சிட்டு!"

பின்னணியில் அம்மாவின் குரல் கேட்டது. "இனியாவது நான் அடுக்களைய விட்டு வெளிய வரலாமா?"