இழுக்கிற குதிகாலோடு ஒரு ஓரியண்டியரிங் வாரம்

டாக்டரிடம் ஓடும் அளவுக்கு வலி இல்லை. மறந்துவிட்டு ஓடும் அளவுக்குச் சுகமும் இல்லை. வலது குதிகாலுக்கு மேலே அக்கிலீஸ் நரம்பு, அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டும் தசைநாண், காலையில் எழுந்ததும் இறுகிக் கிடக்கும். இடது முழங்காலுக்குக் கீழே முன்கால் எலும்பின் உள் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு லேசான எரிச்சல். இரண்டும் கொஞ்சம் நடந்தால் அடங்கும், ஓடி முடித்த அன்று ராத்திரி திரும்பி வரும். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்து ஓடுகிறவர்களில் பலருக்கு இந்த இரண்டில் ஒன்று இருக்கிறது. சிலர் கோடாரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பார்கள். சிலர் பயந்துபோய் மாதக்கணக்கில் சோபாவை விட்டு இறங்க மாட்டார்கள். நான் இரண்டும் செய்யாமல் கடந்த வாரம் இது. ஓரியண்டியரிங் ஆடுகிறவளுக்கு இதில் ஒரு வசதி உண்டு: இந்த விளையாட்டில் கால் செய்வது பாதி வேலைதான், மீதி கையில் இருக்கும் வரைபடத்தில்.

தெரியாதவர்களுக்கு: கையில் ஒரு வரைபடம், கட்டைவிரலில் ஒரு காம்பஸ். வரைபடத்தில் வட்டமிட்ட இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி தொங்கும். அவற்றை வரிசைப்படி தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் முடிவு. "ஹேஷ் மாதிரிதானே?" என்று நம் ஊரில் உடனே கேட்பார்கள். 1938இல் இதே கோலாலம்பூரில் பிறந்ததுதான் ஹேஷ் ஓட்டம். ஆனால் அதில் யாரோ போட்டுவைத்த காகிதத் தடத்தைத் தேடிப் பின்னால் போகிறோம். இங்கே தடம் என்று ஒன்று கிடையாது, கொடி மட்டும்தான்.

திங்கட்கிழமை செந்தூலில் ஒரு பிசியோவிடம் போனேன். அவர் முதலில் செய்தது எலும்பை விரலால் அழுத்திப் பார்த்ததுதான். ஒரே புள்ளியில், இருபது சென் காசு அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும், எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டும். எனக்கு வலி நீளவாக்கில் பரவியிருந்தது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கவில்லை. அதனால் குறைத்துக்கொண்டு ஓடலாம் என்றார். அடுத்து நரம்பு. வலி நரம்பின் நடுவில் இருக்கிறதா, குதிகால் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று கிள்ளிப் பார்த்தார். நடுவில் என்றால் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கலாம். ஒட்டுகிற இடத்தில் என்றால் தரைமட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கீழே போனால் இன்னும் கடுப்பாகும். எனக்கு நடுவில்.

பிறகு அவர் கொடுத்த கணக்கு: வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை அளந்தால் மூன்று வரைக்கும் ஓடலாம். மறுநாள் காலை இறுக்கம் முந்தின நாளைவிட அதிக நேரம் நீடித்தால், முந்தின நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். படுக்கையிலிருந்து சமையலறைக்குப் போகும்போதே தெரிந்துவிடும்.

குதிகால் இறக்கும் பயிற்சி 1998இல் சுவீடன் டாக்டர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட முறை. முட்டியை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, முட்டியை மடக்கி அதேபோல் மூன்று சுற்று, காலை மாலை இரண்டு வேளை, 12 வாரம். தன் நரம்பே கெட்டுக் கிடந்தபோது அறுவை சிகிச்சை கிடைக்காமல், அறுந்தாவது போகட்டும் என்று அதைப் போட்டு வாட்டியிருக்கிறார். அது குணமாகிவிட்டது என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. ஓரியண்டியரிங்கைப் பெரிதாக வளர்த்தவர்களும் சுவீடன்காரர்கள்தான், 1919இலேயே ஸ்டாக்ஹோம் பக்கம் பெரிய போட்டி வைத்திருக்கிறார்கள். காலைக் கெடுப்பதும் அவர்களே, மருந்து கொடுப்பதும் அவர்களே.

எங்கள் ஃப்ளாட் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்காமல் நிற்பதைப் பார்த்து மேல்மாடி ஆண்ட்டி, "லிஃப்ட் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார். அதிலிருந்து விடிவதற்கு முன்பே செய்துவிடுகிறேன்.

செவ்வாய் நீச்சல். கால் சந்தோஷப்பட்டது, எனக்கு அலுப்பு. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பழைய பயிற்சி வரைபடங்களைப் பரப்பினேன். ஓரியண்டியரிங் வரைபடத்தில் வெள்ளைதான் நன்றாக ஓடக்கூடிய காடு. பச்சை அடர அடரப் புதர். மஞ்சள் திறந்தவெளி. பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். அந்தப் பழுப்பைத் தவிர மற்ற எல்லா நிறத்தையும் மறந்துவிட்டுப் பார்ப்பது என் வீட்டுப்பாடம்: எது முகடு, எது ஓடைப் பள்ளம், எங்கே கோடுகள் நெருங்குகின்றன. நம் காடுகளில் பச்சை ஒரு மழைக்காலத்தில் மாறிவிடும், சின்ன ஒற்றையடிப் பாதை காணாமல் போகும். மலையின் வடிவம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

புதன் தித்திவங்சா ஏரியைச் சுற்றி மெதுவோட்டம். இங்கே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து விடியற்காலை ஓட்டம் என்றால் நம்மவர்களுக்கு இருட்டு ஓட்டம்தான். பத்து நிமிடம் நடை, பிறகு ஓட்டமும் நடையுமாக மாறி மாறி. காலடியைச் சின்னதாக வைத்தால் முன்கால் எலும்பில் விழும் அடி குறைகிறது. வலி இரண்டு. கடைசியில் ஒன்று. வேலைக்குப் போனேன்.

வியாழன்தான் மனசு கேட்காத நாள். மாலையில் தாமான் போத்தானி பெர்டானாவில், நம் வாயில் இன்னும் லேக் கார்டன்தான், எங்கள் குழுவின் ஸ்பிரிண்ட் பயிற்சி. 1:4,000 அளவு வரைபடம், நிமிடத்துக்கு ஒரு முடிவு, சிமெண்டுப் பாதை, படிக்கட்டு, திடீர்த் திருப்பம். முன்கால் எலும்புக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. ஓட வரமாட்டேன், கொடி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கொடி கட்டும் வேலையை ஏன் எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஓடுகிறவர் கொடியைப் பார்த்துவிட்டால் போதும், "வந்துவிட்டோம்" என்று திரும்பிவிடலாம். கட்டுகிறவளுக்குக் கொடி கையில்தான் இருக்கிறது. வட்டத்தின் நடுப்புள்ளி எந்த மரம், எந்தச் சுவர் மூலை என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் தொங்கவிட முடியும். ஒரு படிக்கட்டின் மேல் முனையா கீழ் முனையா என்று நின்று நிதானித்துப் பார்த்தேன். ஓட்டத்தில் அதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டேன். கடைசிக் கொடியைக் கட்டும்போது வழக்கமான மாலை இடி. அரை மணி நேரம் எல்லோரும் கூரைக்குக் கீழே நின்றோம், பாதிப் பயிற்சி மழையோடு போனது.

வெள்ளி கோயில், பொங்கல், தூக்கம்.

சனிக்கிழமை புக்கிட் கியாரா. கெப்போங்கிலிருந்து ஒரு தம்பி வருவார், எங்கள் குழுவில் இளையவர், கால்களில் ஸ்பிரிங் வைத்துப் பிறந்தவர். அன்று நடை மட்டும்தான் என்று முன்பே பேச்சு. "நடந்துகிட்டே பண்ணா போர் அடிக்கும்லா அக்கா" என்றார். அடிக்கவில்லை.

கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கே வேலை செய்தவர்களின் குடும்பங்கள் தாமான் துன் பக்கம் நீண்ட வீடுகளில் பல பத்து வருடம் வாழ்ந்தது நம்மவர்கள் அறிந்த கதை. சைக்கிள் தடங்களுக்கு நடுவே பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. என் அம்மா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். நிரை, அதாவது பால் வெட்டும் ரப்பர் மர வரிசை, பிடித்துப் போகிற ஆளுக்கு இருட்டிலும் வழி தப்பாது என்பார். தாத்தா நெற்றி விளக்கோடு நிரைக்குப் போன அதே நேரத்தில்தான் நான் நெற்றி விளக்கோடு ஓடப் போகிறேன். அவருக்குக் கூலி கிடைத்தது, எனக்குக் கால் வலி என்பது அம்மாவின் கணக்கு.

அன்றைய வேலை காலடி எண்ணுவது. நூறு மீட்டருக்கு இடது கால் எத்தனை தடவை படுகிறது என்பது ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பாதையில் ஓடும்போது என் எண் நாற்பத்திரண்டு. எண்ணுவதற்காக மட்டும் அந்த நூறு மீட்டரை மெதுவாக ஓடிப் பார்க்கிறேன், நாற்பத்தெட்டு வருகிறது. குதிகால் இழுப்பதால் எனக்கே தெரியாமல் அடி சுருங்கியிருக்கிறது. பழைய எண்ணை நம்பி 300 மீட்டர் போனால், கொடி இருக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட நாற்பது மீட்டர் முன்னாலேயே நின்று, "இங்கேதானே இருக்கணும்?" என்று புதரைக் கிண்டிக்கொண்டிருப்பேன். கால் வலி காலோடு நிற்பதில்லை, வழி கண்டுபிடிப்பதிலும் கை வைக்கிறது. இது எந்தப் பிசியோவும் சொல்லாத செய்தி. அடுத்த சில வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று காம்பஸின் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன்.

காம்பஸ் பற்றி ஒரு வார்த்தை, வாங்கப் போகிறவர்களுக்காக. ஐரோப்பாவுக்கென்று செய்த காம்பஸில் ஊசியின் தெற்குப் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும். அங்கே பூமியின் காந்தப்புலம் வடமுனையைக் கீழே இழுக்கும், அதைச் சமன்செய்யத்தான் அந்தக் கனம். நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இங்கே அந்த இழுப்பு இல்லை. தெற்கு முனை தொங்கி அடியில் உரசும், ஊசி திக்கித் திக்கித் திரும்பும். தம்பி மலிவாக வாங்கியது அப்படித்தான். எந்த மண்டலத்துக்கான ஊசி என்று கேட்டு வாங்குங்கள். மற்றபடி நமக்கு ஓர் அதிர்ஷ்டம்: காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் கோலாலம்பூரில் வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை.

காலணியும் அன்று மாறியது. ஈர மண்ணுக்கு எங்கள் எல்லோருக்கும் பிடித்தது கம்போங் அடிடாஸ் என்று செல்லமாகச் சொல்லும் ரப்பர் சப்பாத்துதான். விலை மலிவு, வழுக்காது, கழுவினால் காய்ந்துவிடும். ஆனால் அடி தட்டை, மெத்தை இல்லை. குதிகால் தாழ்ந்து நரம்பு முழு நீளத்துக்கு இழுபடும். இப்போதைக்கு அதை ஒதுக்கிவிட்டு, குதிகால் உயர்ந்த பழைய ஓட்டக் காலணி. வழுக்குகிறது, பொறுத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு கெப்போங் ஃப்ரிம். வன ஆராய்ச்சி நிலையமாக 1929இல் தொடங்கிய இடம். ஈயச் சுரங்கம் தோண்டிய மொட்டை நிலத்தில் நட்டு வளர்த்த காடு என்று சொன்னால் முதல்முறை வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அண்ணாந்து பார்த்தால் கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடக்கூடாது, வேர்கள்.

வரைபடம் 1:10,000, கோட்டுக்குக் கோடு 5 மீட்டர். அக்கிலீஸுக்கு மேடு ஆகாது, முன்கால் எலும்புக்கு வேகமான இறக்கம் ஆகாது. ஆக வழி தேர்ந்தெடுப்பதில் என் இரண்டு கால்களுக்கும் தனித்தனி ஓட்டு. ஒரு கட்டத்தில் நல்ல சோதனை வந்தது. முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் அடுத்தது. நேராகப் போனால் 350 மீட்டர், எட்டுக் கோடு ஏற்றம், அதாவது 40 மீட்டர். சுற்றிப் பாதையில் போனால் 650 மீட்டர், ஒரே ஒரு கோடு. ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து மீட்டர் சமதளம் என்பது எங்கள் ஆட்டத்தில் புழங்கும் தோராயக் கணக்கு. நேர் வழி 750க்குச் சமம், சுற்று வழி 700க்கு.

"ஏறிடலாமா அக்கா?"

"நீ ஏறு தம்பி. நான் சுத்தி வரேன்."

தம்பி முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கொடிக்குப் பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாதையில் ஓடிய நேரத்தில் நான் அடுத்த கட்டத்தை வாசித்து முடித்திருந்தேன், நிற்காமல் கிளம்பிவிட்டேன். அந்த அடுத்த கட்டத்தில் அவர் தவறான ஓடைப் பள்ளத்தில் இறங்கி, சாக்ஸில் அட்டைகளோடு ஏறி வந்தார். சுகமாக இருந்திருந்தால் நானும் யோசிக்காமல் அந்த மேட்டில்தான் ஏறியிருப்பேன்.

கடைசிச் சுற்றுக்கு முன் வேரில் கால் தட்டியது, விழவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு தடவை. கால் தூக்கும் தசை களைத்தால் முன்கால் எலும்பு அடுத்து பேசும் என்று தெரியும். வலி அப்போதும் இரண்டுதான், ஆனாலும் மீதிக் கொடிகளை விட்டுவிட்டுப் பாதைக்கு வந்து நடந்தேன். கெப்போங்கில் மமாக் கடையில் ரொட்டி சானாயோடு பசியாறும்போது இருவரும் வரைபடத்தில் போன வழியைப் பேனாவால் வரைந்தோம். தம்பியின் கோடு அந்த ஓடையில் சுருண்டு கிடந்தது.

வீட்டில் அம்மா, "கால் வலிக்குதுன்னு சொல்ற, அப்புறம் காட்டுல போய் ஏன்டி ஓடுற?" என்றார். மறுநாள் காலை சமையலறைக்குப் போகிற தூரத்தில் இறுக்கம் விட்டுவிட்டது. எலும்பில் எரிச்சல் இருக்கிறது, பரவலாகத்தான். இந்த வாரம் முதுகுப் பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுக்கொண்டு குதிகால் இறக்கம், புதன் ஓட்டம் கொஞ்சம் நீளம், வியாழன் மறுபடி கொடி கட்டுதல். ஃப்ரிம்மில் ஸ்டீராய்ட் மேடு என்று சொல்லும் செங்குத்தான ஏற்றத்துக்கு வாருங்கள் என்று தம்பி தினமும் செய்தி அனுப்புகிறார். அரிசி ஐந்து கிலோ ஆகும்வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.